பத்தாயமும் கழுவிய காகிதமும்: ஹேக்யோங் அம்மையாரை வாசிக்கத் தொடங்குவோருக்கு

சோசோன் அரச வம்சக் காலக் கொரியாவில் அரசு ஆவணம் ஒன்றை ஒழிக்க வேண்டுமென்றால் அதைக் கழுவுவார்கள். மல்பெரிக் குடும்பத்து மரம் ஒன்றின் பட்டை நாரில் செய்த கெட்டிக் காகிதம் அது. எழுதும் மை, புகைக்கரியும் பசையும் சேர்ந்தது. ஓடும் நீரில் ஊறப்போட்டு அலசினால் மை போய்விடும், நார் மிஞ்சும். அந்த நாரைத் திரும்பக் கூழாக்கிப் புதுக் காகிதம் வார்க்கலாம். ஓர் அரசரின் காலத்து வரலாற்றைத் தொகுத்து முடித்ததும், அதற்கு ஆதாரமாக இருந்த வரைவுகளையெல்லாம் சியோலின் வடமேற்கு வாயிலுக்கு வெளியே, அரசின் காகிதப் பட்டறைப் பக்கம் ஓடும் ஓடையில் கழுவிவிடுவது முறை. 'சேச்சோ' என்று அதற்குப் பெயர். காகிதம் விலை கூடிய பொருள் என்பது ஒரு காரணம். யார் எதை எழுதினார் என்பது பிற்பாடு யாருடைய தலைக்கும் கத்தியாக வரக்கூடாது என்பது இன்னொரு காரணம்.

18-ஆம் நூற்றாண்டில், தந்தையான அரசரால் பத்தாயத்தில் அடைத்துக் கொல்லப்பட்ட பட்டத்து இளவரசர் சாடோவின் மனைவி ஹேக்யோங் அம்மையார். அவருடைய நினைவேடுகளைக் கையில் எடுக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் வாழ்க்கையில் காகிதம் இரண்டு முறை கழுவப்பட்டது. முதல் முறை, பிறந்த வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள். சிறுமியாக அரண்மனைக்குப் போனபோது, வெளியார் கடிதம் அரண்மனைக்குள் சிதறிக் கிடக்கக் கூடாது என்று அப்பா எச்சரித்து அனுப்பியிருந்தார். அதனால் வீட்டிலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பக்கத்து வெற்றிடத்திலேயே பதிலை எழுதி, அதே தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் அதைச் சேர்த்து வைக்காமல் கழுவிவிடுவார்கள். இரண்டாவது முறை, 1776-இல். அவருடைய கணவர் இறந்த 1762-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் பற்றி அரசுச் செயலகத்தின் நாட்குறிப்பில் இருந்த பக்கங்களை, அவருடைய மகனே தாத்தாவிடம் மன்றாடிக் கேட்டுக் கழுவ வைத்தார்.

முதல் கழுவலால் உண்டானது முதல் நினைவேடு. இரண்டாவதால் உண்டானது கடைசி நினைவேடு. நடுவில் இன்னும் இரண்டு. நான்கையும் சேர்த்துத்தான் 'ஹான்ஜுங்னோக்' என்கிறோம். பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. 'ஹான்' என்ற ஒலியை ஒரு சீன எழுத்தால் எழுதினால் 'ஓய்வில் எழுதிய குறிப்புகள்', வேறொன்றால் எழுதினால் 'துயரில் எழுதிய குறிப்புகள்'. பிரதிக்குப் பிரதி தலைப்பு மாறும். அம்மையார் தம் கையால் எழுதிய மூலம் கிடைக்கவில்லை; இருப்பதெல்லாம் பிறர் படியெடுத்தவை.

எழுதியது ஹங்குல் எழுத்தில். 15-ஆம் நூற்றாண்டில் அரசர் சேஜோங் உருவாக்கிய எழுத்து அது. அரசு வேலையும் ஆண்களின் கல்வியும் செவ்வியல் சீனத்தில் நடந்தன. பெண்களின் கடிதமும் கதையும் ஹங்குலில். அரண்மனைப் பெண்கள் வட்டத்திலிருந்து வந்த புகழ்பெற்ற உரைநடை நூல்கள் வேறு இரண்டு உண்டு, அவற்றை எழுதியவர் யாரென்று திட்டமாகத் தெரியாது. ஹேக்யோங் அம்மையார் அப்படியில்லை. தன் பெயரில், தன் குரலில், 'நான் பார்த்தேன், நான் கேட்டேன்' என்று எழுதினார். அரச குடும்பத்துப் பெண் ஒருவர் தன் மாமனார், கணவர், மகன் மூவரைப் பற்றியும் அப்படி எழுதியது அதற்கு முன் காணாத துணிச்சல்.

ஆட்களை இனம் காண்பது எப்படி

புதிய வாசகரை முதல் பத்துப் பக்கத்திலேயே விரட்டுவது பெயர்கள்தான். யோங்ஜோ, ஜோங்ஜோ, சுன்ஜோ என்று ஒரே மாதிரி ஒலிக்கும். இவை அரசர்கள் இறந்தபின் முன்னோர் கோயிலில் வைத்து வழிபடச் சூட்டிய பெயர்கள். உயிரோடிருக்கும்போது யாரும் அப்படி அழைத்ததில்லை. உறவு முறையில் பிடித்துக்கொண்டால் சுலபம். யோங்ஜோ, மாமனார். சாடோ, கணவர், பட்டத்து இளவரசராகவே இறந்தவர். ஜோங்ஜோ, மகன். சுன்ஜோ, பேரன். சோன்ஹுய், சாடோவைப் பெற்ற தாய். அரசரின் துணைவி, அரசி அல்ல. ஹோங் போங்ஹான், அம்மையாரின் அப்பா.

இவர்களோடு ஒரு மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூத்த அரசி இறந்தபின், 1759-இல், அறுபதைத் தாண்டிய யோங்ஜோ பதின்வயதுப் பெண் ஒருத்தியை மணந்தார். ஜோங்சுன் என்ற அந்த அரசி, மருமகளான ஹேக்யோங்கைவிட 10 வயது இளையவர். அவர் பிறந்த கிம் குடும்பத்துக்கும் ஹோங் குடும்பத்துக்கும் ஆகாது. இரண்டாம், மூன்றாம் நினைவேடுகளின் கசப்பு முழுக்க இந்த இடத்திலிருந்து வருகிறது.

'ஹேக்யோங்' என்பதும் இயற்பெயர் இல்லை. மகன் 1776-இல் அரியணை ஏறியபோது தாய்க்குக் கொடுத்த பட்டம். அவருடைய இயற்பெயரை நூலில் தேட வேண்டாம். பட்டங்களின் வழியாகத்தான் அவரைத் தெரியும். 1899-இல் சாடோவுக்கு இறந்தபின் அரசர் தகுதி கொடுத்தபோது இவருக்கும் 'ஹோன்க்யோங்' என்று அரசிப் பட்டம் சேர்ந்தது.

தேர்வுக்குப் போன பாவாடை

பட்டத்து இளவரசருக்குப் பெண் தேடினால் நாடு முழுக்கக் கல்யாணத்துக்குத் தடை விழும். உயர்குடிக் குடும்பங்கள் பெண்களின் பெயரைக் கொடுக்க வேண்டும். அரண்மனையில் மூன்று சுற்று பெண் பார்ப்பார்கள். மூன்றாவது சுற்றில் தேறியவள் வீடு திரும்பாமல் தனி மாளிகைக்குப் போய்ப் பயிற்சி பெறுவாள். ஹேக்யோங் தேர்வுக்குப் போனது 1743-இல். திருமணம் 1744-இன் தொடக்கத்தில். மணமகன், மணமகள் இருவருமே 1735-இல் பிறந்தவர்கள்.

பெயர் பெற்ற குடும்பம்தான், ஆனால் கையில் காசில்லை. அப்பா அப்போது அரசுத் தேர்வில் தேறியிருக்கவில்லை. முதல் சுற்றுக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடை கிடையாது. இறந்துபோன அக்காவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த துணியில் அம்மா பாவாடை தைத்தார். உள்புறம் பழந்துணி கொடுத்துத் தைத்தார். மற்றதெல்லாம் கடன். 60 வயதில் எழுதும்போதும் அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு மறக்கவில்லை. இந்த ஒரு பாவாடையில் வீட்டின் நிலைமை, அம்மாவின் துக்கம், பிள்ளையின் கூச்சம் மூன்றும் இருக்கின்றன. அவர் எழுத்தின் பலமே இதுதான்: பெரிய விஷயத்தைச் சொல்ல எப்போதும் ஒரு சின்னப் பொருளை எடுத்து வருவார்.

திருமணம் நடந்த அதே 1744-இல் அப்பா தேர்வில் தேறினார். 1761-க்குள் தலைமை அமைச்சர். மகள் மூலம் வந்த உயர்வு என்று எதிரிகள் பேச இது போதுமானதாயிற்று. அம்மையாரும் இதை மறைக்கவில்லை. தான் அரண்மனைக்குள் வந்ததே குடும்பத்தின் பிற்கால அழிவுக்கு வித்து என்று அவர் கடைசிவரை குமைந்தார்.

யாருக்கு எழுதினார்

நான்கு நினைவேடுகளையும் ஒரே தன்வரலாற்றின் நான்கு அத்தியாயங்களாக எடுத்துக்கொண்டால் குழப்பமே மிஞ்சும். ஒரே சம்பவம் இங்கே ஒரு விதமாக, அங்கே ஒரு விதமாக வரும். ஒன்றில் முழு மௌனம், இன்னொன்றில் பக்கம் பக்கமாக விவரம். காரணம், முதல் ஏட்டை வாசிக்க வேண்டியவர் வேறு, மற்றவற்றை வாசிக்க வேண்டியவர் வேறு; ஒவ்வொன்றையும் எழுதிய நெருக்கடியும் வேறு.

1795-இல் எழுதியது அண்ணன் மகன் ஹோங் சுயோங்குக்கு. 'அத்தையின் கையெழுத்தில் வீட்டில் எதுவுமே இல்லை, எங்களுக்கென்று ஏதாவது எழுதிக் கொடுங்கள்' என்று அவர் கேட்டார். கடிதங்களைத்தான் கழுவிவிட்டார்களே. அந்த ஆண்டு அம்மையாருக்கு மணிவிழா ஆண்டு. கொரியர்களும் நம் பிரபவ, விபவ மாதிரி 60 ஆண்டுச் சுழற்சி வைத்திருப்பவர்கள். பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வருவது பெரிய விழா. இறந்த கணவருக்கும் அதே ஆண்டு 60 நிறைந்திருக்கும். மகன் ஜோங்ஜோ தாயை எட்டு நாள் ஊர்வலமாக சுவோனுக்கு அழைத்துப் போய், அப்பாவின் சமாதியைக் காட்டி, ஹ்வாசோங் கோட்டை வளாகத்தில் விருந்து வைத்தார். குடும்பத்துக்கு எழுதியது என்பதால் முதல் நினைவேட்டில் பிறந்த வீடு, அம்மா, தேர்வு, தம்பிகள், மகனின் பாசம் எல்லாம் நிறைந்திருக்கும். 1762 வரும் இடத்தில், எழுத மனம் வரவில்லை என்று சொல்லிக் கடந்துவிடுவார்.

1801, 1802 இரண்டும் வழக்கறிஞரின் குரலில் அமைந்தவை. 1800-இல் ஜோங்ஜோ திடீரென்று இறந்தார். பத்து வயது சுன்ஜோ அரசர். ஜோங்சுன் அரசி திரைக்குப் பின்னிருந்து ஆட்சி. மறு ஆண்டு கத்தோலிக்கர்கள் மீதான வேட்டையில் அம்மையாரின் தம்பி ஹோங் நாகிம் சிக்கவைக்கப்பட்டு, ஜேஜு தீவில் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டார். அந்தக் கொதிப்பில் எழுதியது 1801-ஆம் ஆண்டு ஏடு. 1802-ஆம் ஆண்டு ஏட்டில் மகன் தனக்குக் கொடுத்த வாக்கைச் சொல்கிறார்: 1804-இல் அரியணையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சாடோவுக்கும் ஹோங் குடும்பத்துக்கும் உரிய மரியாதையை மீட்டுத் தருவதாக ஜோங்ஜோ சொல்லியிருந்தாராம். அதற்கு நாலு ஆண்டு முன்னே அவர் போய்விட்டார்.

இந்த இரண்டையும் வாசிக்கும்போது சிற்றப்பா ஹோங் இன்ஹானின் கதையில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 1775-இல், பேரனைத் தனக்குத் துணை ஆட்சியாளராக்க முதிய யோங்ஜோ விரும்பினார். கட்சிகள் பற்றிப் பேரனுக்குத் தெரிய வேண்டியதில்லை, அமைச்சர்களாக யார் வருவது என்று தெரிய வேண்டியதில்லை, அரசுக் காரியம் தெரிய வேண்டியதே இல்லை என்று இன்ஹான் பதில் சொன்னார். 'மூன்று வேண்டாம்' என்று பெயர் பெற்ற பேச்சு அது. மறு ஆண்டே ஜோங்ஜோ அரசராகி அவருக்கு நஞ்சு அனுப்பினார். அம்மையார் சிற்றப்பாவின் சொற்களுக்கு வேறு பொருள் காட்ட மிகவும் பாடுபடுகிறார். நம்புவதா வேண்டாமா என்பது வாசகர் பாடு. மகன் கொன்ற சிற்றப்பாவை, மகனையும் குறை சொல்லாமல் காப்பாற்ற வேண்டிய நிலையில் ஒருத்தி எப்படி வாக்கியம் அமைக்கிறாள் என்று பார்ப்பதே எனக்கு அங்கே சுவையான பகுதி.

1805-இல் ஜோங்சுன் அரசி இறந்தார். அதன்பின் எழுதி முடித்தது நான்காவது நினைவேடு. வாசிக்க வேண்டியவர் பேரன் சுன்ஜோ. செயலக நாட்குறிப்பைக் கழுவியாயிற்று, கண்ணால் பார்த்தவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், வாய்க்கு வந்ததை ஆளாளுக்குப் பேசுகிறார்கள். தன் தாத்தாவுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் பேரன் அரசாளக் கூடாது. இதுதான் அவர் சொல்லும் காரணம். அந்தத் தாத்தா இறந்து 43 ஆண்டு ஆகியிருந்தது.

காது கழுவிய தண்ணீர்

1805-ஆம் ஆண்டு ஏடு, ஒருவரின் மனம் எப்படிப் படிப்படியாகக் குலைந்தது என்பதன் பதிவு. 18-ஆம் நூற்றாண்டில் எங்கேயும் இத்தனை நுணுக்கமாக இப்படி ஒன்று எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அவர் நோயின் பெயரிலிருந்து தொடங்கவில்லை. வீட்டிலிருந்து தொடங்குகிறார். நூறு நாள் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, இறந்துபோன முந்தைய அரசரின் மனைவி வாழ்ந்த மாளிகையில் வைத்தார்கள். அந்த அரசியிடம் வேலை பார்த்த பெண்களே குழந்தைக்கும் பணிப்பெண்கள். சோன்ஹுய் அரசியில்லை என்பதால் அவர்களுக்கு அவர்மேல் இளக்காரம். தாயும் தந்தையும் வருவது குறைந்தது. ஒரு பணிப்பெண் மரத்தாலும் காகிதத்தாலும் வாளும் வில்லும் செய்து கொடுத்துப் பிள்ளையைப் போர் விளையாட்டில் பழக்கினாள். அப்பாவுக்கோ படிக்கும் பிள்ளை வேண்டும்.

பிறகு அப்பா. யோங்ஜோ திறமையான அரசர், 52 ஆண்டு ஆண்டவர், சகுனம் பார்ப்பதில் அளவு கடந்தவர். 'சாவு' என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். நல்ல காரியத்துக்கு ஒரு வாசல், கெட்ட காரியத்துக்கு வேறு வாசல். விரும்பத்தகாததைக் கேட்டுவிட்டால் வாய் கொப்பளித்து, காது கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார். மரண தண்டனை விசாரணை முடித்துத் திரும்பும் வழியில் மகனைக் கூப்பிட்டு 'சாப்பிட்டாயா' என்று கேட்பார். மகன் பதில் சொன்னதும், அந்தப் பதிலைக் கேட்ட காதைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். கெட்டது அந்தப் பதிலோடு போய்விட வேண்டுமாம்.

அந்தத் தண்ணீரைக் கொட்டவும் ஓர் இடம் வைத்திருந்தார்: பிடிக்காத மகள் ஹ்வாஹ்யோப் இருந்த வீட்டுப் பக்கம். சாடோ அந்தச் சகோதரியைப் பார்க்கும்போது, நாம் இருவரும் அப்பா காது கழுவப் பயன்படுகிறவர்கள் என்று சொல்லிச் சிரிப்பாராம். நூலில் சாடோ சிரிக்கும் இடங்கள் குறைவு. அதனால்தான் இது இப்படித் தைக்கிறது.

1749-இல் சாடோ துணை ஆட்சியாளரானார். அரசரைக் கேட்டுச் செய்தால், இதைக்கூடத் தீர்மானிக்கத் தெரியாதா என்று ஏச்சு. கேட்காமல் செய்தால், ஏன் கேட்கவில்லை என்று ஏச்சு. மழை பொய்த்தாலும் இளவரசரின் ஒழுக்கக்கேடு என்பார். இளவரசருக்கு இடி என்றால் நடுக்கம் வந்தது. இடித் தெய்வத்தைப் பற்றிய ஒரு தாவோயிச நூலை ரகசியமாகப் படித்ததில் தொடங்கிய பயம் என்கிறார் அம்மையார். அந்த நூலின் பெயரிலுள்ள எழுத்துகளைக்கூடப் பிறகு அவரால் பார்க்க முடியவில்லை.

அடுத்து வந்தது உடை நோய். அந்தப் பெயரை அம்மையாரே தருகிறார். வெளியே போகவோ அப்பாவைப் பார்க்கவோ உடுத்த வேண்டுமென்றால் பத்து, இருபது, சில சமயம் முப்பது உடைகளைப் பரப்பி வைக்க வேண்டும். சிலவற்றை ஆவிகளுக்கென்று எரிப்பார். ஒன்று தோதாக உடம்பில் ஏறிவிட்டால் அது நைந்து கிழியும்வரை கழற்ற மாட்டார். உடுத்திவிடும் பணியாளர் கை கொஞ்சம் பிசகினால் அடி, சில நேரம் சாவு. 1757-இல் ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர் ஒருவரைக் கொன்று தலையைக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். ஒரு முறை, கறுப்பு வெள்ளைக் காய்களால் ஆடும் 'கோ' ஆட்டத்தின் பலகையை மனைவி முகத்தில் எறிந்தார். இடது கண் பிதுங்கிவிடும்போல் வீங்கியது. உடுத்தும் நேரத்திலேயே 1761-இல் தன் காமக்கிழத்தியை அடித்துக் கொன்றார்.

இத்தனையையும் சொல்லிவிட்டு, 1758-இல் அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த ஓர் உரையாடலையும் வைக்கிறார். ஏன் கொல்கிறாய் என்று அரசர் கேட்டார். அப்பாவுக்கு என்மேல் பாசம் இல்லை, அது வருத்தம். நீங்கள் ஏசும்போது பயம். இரண்டும் சேர்ந்து உள்ளே நெருப்பாகிறது என்ற பொருளில் மகன் பதில் சொன்னார். அரசர் நேராக மருமகளிடம் போய் அது உண்மையா என்று விசாரித்தார். உண்மைதான், கொஞ்சம் அன்பு காட்டுங்கள் என்று அவர் அழுதார். மாறிக்கொள்வதாக அரசர் சொன்னார். மாறவில்லை.

பத்தாயம் எதற்கு

1762 கோடையில், மகனைப் பெற்ற சோன்ஹுய் தாமே அரசரிடம் போனார். நோய் முற்றிவிட்டது, அரசர் உயிருக்கே ஆபத்து, பேரனையாவது காப்பாற்றுங்கள் என்றார். சந்திர நாட்காட்டியில் அதிக மாதமாக வந்த ஐந்தாம் மாதம் 13-ஆம் நாள், அதாவது ஜூலை 4, சங்க்யோங் அரண்மனையில், இறந்த அரசியின் ஆவி மண்டபத்துக்கு முன் யோங்ஜோ மகனை வரச் சொன்னார்.

போகுமுன் சாடோ மனைவியிடம் மகனின் குளிர்காலத் தலைக்குல்லாயைக் கேட்டார். கொளுத்தும் வெயில் மாதம். குளிர்காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்கும் எண்ணம். மனைவிக்கு அது புரியவில்லை. பிள்ளையின் குல்லாய் சின்னது, உங்களுடையதையே எடுத்து வரச் சொல்லட்டுமா என்றார். நீ பயங்கரமான ஆள், நான் இன்று செத்துப்போவேன், அந்தத் தீட்டு பிள்ளையின் குல்லாயில் பட வேண்டாம் என்று பார்க்கிறாய், மகனோடு நீண்ட நாள் வாழ நினைக்கிறாய் என்றார் கணவர். மனைவி பதறிப்போய்ப் பிள்ளையின் குல்லாயையே எடுத்து வந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் வாங்கவில்லை. கணவரும் மனைவியும் கடைசியாகப் பேசியது ஒரு குல்லாயைப் பற்றி.

அதற்குப் பின் நடந்ததை அம்மையார் கண்ணால் பார்க்கவில்லை. சுவருக்கு இப்பால் நின்று காதால் கேட்டார். அரசர் வாளைத் தட்டும் ஒலி. இனிச் சொன்னபடி கேட்பேன், படிப்பேன் என்று கணவர் அப்பாவிடம் கெஞ்சும் குரல். மகன் உள்ளே ஓடி, அப்பாவை விட்டுவிடுங்கள் என்று தாத்தாவிடம் அழுது, துரத்தப்பட்டான். அம்மையார் தன்னை மாய்த்துக்கொள்ளக் கத்தியை எடுத்தார், யாரோ பறித்துக்கொண்டார்கள். நெல்லோ அரிசியோ கொட்டி வைக்கும் கனத்த மரப் பத்தாயம் ஒன்றைக் கொண்டுவந்து இளவரசரை அதனுள் இறங்கச் செய்தார்கள். எட்டாம் நாள் உயிர் போனது.

ஏன் இப்படி ஒரு வழி? முதல் வாசிப்பில் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வெறும் கொடூரம் என்று விட்டுவிட்டால் நூலின் பாதி புரியாது. குற்றவாளி என்று தீர்ப்பளித்துக் கொன்றால் மனைவி மக்கள்மீதும் குற்றம் படியும்; குற்றவாளியின் மகன் அரசராக முடியாது. யோங்ஜோவுக்கு அந்தப் பேரனை விட்டால் முறையான வாரிசு வேறு இல்லை. நஞ்சு கொடுப்பதும் சட்டப்படி மரண தண்டனையே. அரச உடம்பில் வெட்டோ காயமோ படுவதும் கூடாது. தானாகச் சாகும்படி முதலில் கட்டளையிட்டார். சாடோ கழுத்தை இறுக்கிக்கொள்ள முயன்றபோது ஆசிரியர்கள் அவிழ்த்துவிட்டார்கள். தீர்ப்பும் இல்லாமல், ஆயுதமும் இல்லாமல் ஒருவரைச் சாக வைக்க மிஞ்சிய வழி பத்தாயம். அரசு வரலாற்றில் 'கடுமையாக அடைத்து வைத்தார்' என்ற அளவில்தான் இருக்கும். பத்தாயம் என்ற சொல்லை அங்கே தேடினால் கிடைக்காது.

எட்டு நாளில் கடைசி நாட்களில் ஒன்றைப் பற்றி அம்மையார் எழுதுவது ஒரு மழையை. பிற்பகலில் இடியோடு கொட்டியது. இடிக்கு நடுங்குவாரே, உள்ளே என்ன பாடுபடுகிறாரோ என்று தோன்றியதாம்.

உயிர் போனதும் இளவரசர் பட்டம் திரும்பக் கிடைத்தது. 'சாடோ' என்ற பெயரே அப்பா அன்று சூட்டியது. துயரத்தோடு நினைக்கப்படுபவர் என்பது போலப் பொருள். 1764-இல் பேரனை, சிறுவயதில் இறந்த தன் மூத்த மகனின் பிள்ளையாக ஏட்டில் மாற்றி எழுதினார். சாடோவின் மகன் என்ற கறையைத் துடைக்க அதுவே வழி. 1776-இல் அரியணை ஏறிய அன்று ஜோங்ஜோ தன் வாயால் அறிவித்தது: 'நான் சாடோ இளவரசரின் மகன்.' மகனைக் கைவிட்ட சோன்ஹுய், தன் சமாதியில் புல்கூட முளைக்காது என்று சொல்லிக்கொண்டே 1764-இல் இறந்தார்.

எவ்வளவு நம்பலாம்

சாடோவுக்கு நோயே இல்லை, கட்சி அரசியல் அவரைப் பலிவாங்கியது, அதில் ஹோங் குடும்பத்துக்கும் பங்கு உண்டு, அதை மூடி மறைக்கத்தான் இந்த ஏடுகள் என்று ஒரு வாதம் கொரியாவில் பரவலாகப் பேசப்பட்டது. அதைத் தள்ளிவிட முடியாத அளவுக்கு அம்மையார் தன் குடும்பத்துக்காக வாதாடுகிறார். பத்தாயத்தை யோசனை சொன்னவரே ஹோங் போங்ஹான் என்ற குற்றச்சாட்டை மறுக்கவே அவருக்குப் பல பக்கம் தேவைப்படுகிறது. அப்பா வந்து சேர்ந்தபோது பத்தாயம் ஏற்கெனவே அங்கே இருந்தது என்பது அவர் கட்சி. ஆனால் நோய் அவருடைய கற்பனை என்பது நிற்காது. சாடோ மாமனாருக்கு எழுதிய கடிதங்களின் படிகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றில் தன் மனநோயைத் தானே சொல்லி, யாருக்கும் தெரியாமல் மருந்து அனுப்பச் சொல்கிறார்.

அம்மையாரே இரண்டு பேச்சுகளும் தவறு என்று எழுதிவிட்டார். அரசர் செய்தது மாபெரும் செயல் என்றால் இளவரசர் குற்றவாளியாகிறார். இளவரசருக்கு நோயில்லை என்றால் அரசர் பழிச்சொல் கேட்டு மகனைக் கொன்றவராகிறார். நோய் உண்மை, அரசருக்கு வேறு வழியில்லாமல் போனதும் உண்மை என்பது அவர் நிலை. ஆனால் இதே நூலில் காது கழுவிய தண்ணீரும் இருக்கிறது. வெளிப்படையாக மாமனாரைக் குற்றம் சொல்லாத பெண், விவரங்களை அடுக்கும் வரிசையிலேயே சொல்லிவிடுகிறார்.

இன்றைய மனநோய்ப் பெயர் ஒன்றை சாடோமேல் ஒட்டுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. பெயர் ஒட்டியதும் வாசகர் விவரங்களைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

வாசிக்கும்போது இடறும் இடங்கள்

வயது: நூலில் வரும் வயதெல்லாம் கொரியக் கணக்கு. பிறந்ததும் ஒன்று, புத்தாண்டு பிறந்ததும் இன்னொன்று. பத்தாயத்தின்முன் அழுத பிள்ளைக்கு நூலில் 11. நம் கணக்கில் 9. 'பத்து வயதில் மணம்' என்றால் மணமகளுக்கு 8, மணமகனுக்கு 9 என்று கொள்ளுங்கள்.

நாள்: எல்லாம் சந்திர நாட்காட்டி. அம்மையார் இறந்தது சந்திரக் கணக்கில் 1815-இன் பன்னிரண்டாம் மாதம். நம் நாட்காட்டியில் அது 1816 ஜனவரி. சில நூல்களில் 1815 என்றும் சிலவற்றில் 1816 என்றும் பார்த்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். 1762-ஐ 'இமோ ஆண்டு' என்று சுழற்சிப் பெயராலும் சொல்வார்கள்.

பதிப்பு: பழைய பதிப்புகள் பலவற்றில் நான்கு ஏடுகளையும் வெட்டி, நிகழ்ச்சி வரிசைப்படி ஒட்டித் தொடர்கதையாக்கி வைத்திருக்கிறார்கள். படிக்கச் சுகமாக இருக்கும். யாருக்கு எப்போது எழுதியது என்பது காணாமல் போய்விடும். ஆங்கிலத்தில் வாசிப்பதானால் ஜாஹ்யுன் கிம் ஹபூஷ் 1996-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். நான்கும் தனித்தனியே, எழுதிய ஆண்டு வரிசையில் இருக்கும்.

வரிசை: 1795-ஐ முதலில் முடியுங்கள். உடனே 1805-க்குத் தாவுங்கள். 1801, 1802 இரண்டும் வழக்குக் கட்டு மாதிரி. ஆட்கள் பழகியபின் படித்தால்தான் பிடிபடும். நான்கும் முடிந்ததும் 1795-ஆம் ஆண்டு ஏட்டில் 1762 வரும் பக்கத்தைத் திரும்ப எடுங்கள். எழுத மனம் வரவில்லை என்று அண்ணன் மகனிடம் சொல்லிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போகிறார். குல்லாய், வாளின் ஒலி, மழை எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருந்தன. அவற்றைத் தாளில் இறக்க அதற்குப் பிறகும் பத்து ஆண்டு ஆனது.